குங்குமச் செப்பில் இருந்த நம்பர்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் நீ கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொண்டு போனாய். போன வீட்டிலெல்லாம் உன்னை உட்காரவைத்து, காபியோ கலரோ கையில் கொடுத்து, பெண் எந்த ஊர், முசரவாக்கமா, பக்கத்திலேயே பிடித்துவிட்டாயே என்று கேலி பேசித்தான் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் மட்டும் வாசலில் நிற்கவைத்தே பத்திரிகையை வாங்கிக்கொண்டார்கள். தட்டில் இருந்த வெற்றிலை பாக்கை அந்த வீட்டம்மா தொடவில்லை. நீ திரும்பி வந்து தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "அவங்களுக்கு என் மேல இன்னாம்மா கோவம்? ஒன்றரை வருஷமா மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறாங்க" என்று கேட்டாய். "அவளுக்கு வேலை ஜாஸ்தி, விடுப்பா" என்றேன். நீயும் விட்டுவிட்டாய். சின்ன வயதிலிருந்தே நீ எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டாய். அது எனக்கு எத்தனை வசதியாக இருந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

அவளுக்கு வேலை ஜாஸ்தி இல்லை. உன்மேல்தான் கோபம். அந்தக் கோபத்தை அவள் மனதில் வைத்தவள் நான். நீ செய்யாத ஒரு தப்பை உன் தலையில் கட்டி, ஒன்றரை வருஷமாக அவிழ்க்காமல் விட்டிருக்கிறேன். அடுத்த மாதம் நீ மணவறையில் உட்காரும்போது எதிரே அந்த ஒரு குடும்பம் மட்டும் இல்லாமல் இருந்தால், ஏன் இல்லை என்று மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் நானாக இருப்பேன். அதைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி விடும்மா" என்று சொல்லிவிடுவாய். எனக்கு முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

அந்த வீட்டம்மா என் சிநேகிதி. அவள் பெயரையோ அவள் மகளின் பெயரையோ இதில் எழுதப் போவதில்லை. அந்தப் பெண் என்ன படிப்புக்கு விண்ணப்பித்தாள் என்பதையும் எழுதமாட்டேன். உனக்கு அவர்களைத் தெரியும், அது போதும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பேருந்து நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நான் எத்தனை வருஷம் நின்றேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் வருவாய். அந்தக் கடையில் கற்றதை வைத்துத்தான் சின்ன காஞ்சிபுரத்தில் நம் தெருவுக்கே நான் ஃபாரம் நிரப்புகிறவள் ஆனேன். ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப், முதியோர் பென்ஷன், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம். கைபேசி எண் கேட்கிற கட்டத்தில் என் நம்பரையே போடுவேன். அப்போது தெருவில் போன் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். பிறகு வீட்டுக்கு இரண்டு போன் வந்தது. அப்போதும் யாரும் மாற்றவில்லை. "உன் நம்பரையே போடுக்கா, அது ராசியான நம்பரு, போட்டா ஒடனே சாங்ஷன் ஆவுது" என்பார்கள். நானும் அப்படி ஒரு ராசி இருப்பதாகவே நம்பிவிட்டேன்.

ராசி இருக்கட்டும், விரல் இன்னொரு காரணம். தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்ததை ஏற்றும்போது, பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நூல். என் சிநேகிதிக்கு அதுதான் பிழைப்பு. அவள் கட்டைவிரலில் ரேகை என்று ஒன்று மிச்சம் இல்லை. உன் அப்பாவுக்கும் அதே கதைதான். ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்து, துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி வைத்தாலும் சிவப்பு விளக்குதான். "ரேகை விழல, ஓடிபி வர போன் இருக்குதா?" என்று கேட்பார் கடைக்காரர். போன் என்னிடம் இருக்கும். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். அங்கிருந்தே தறிச் சத்தத்தையும் மீறி, "நாலு, எட்டு, சைபர், சைபர், ஒண்ணு, ஏழு" என்று கத்துவேன். கீழே யாராவது அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கடைக்கு ஓடுவார்கள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை எண்ணைத் தெருவில் வீசியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இதே தெருவில்தான், தறியில் ஓடுகிற சேலையின் பார்டரை வெளியாள் பார்த்துவிடக் கூடாது என்று துணி போட்டு மூடுவார்கள். பத்திரம் பண்ணத் தெரியாத ஜனங்கள் இல்லை நாம். கண்ணுக்குத் தெரிகிறதைப் பத்திரம் பண்ணத் தெரியும், தெரியாததைப் பண்ணத் தெரியாது. உன் அப்பாவிடம் நீ ஒரு தடவை ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று வகுப்பு எடுத்தாய். அவர் தறியை நிறுத்தாமலே, "எங்கிட்ட இன்னாடா இருக்குது திருடறதுக்கு? இந்த மூஞ்சிய எடுத்துக்கினு போய் எவன் இன்னா பண்ணப்போறான்?" என்றார். நான் சிரித்தேன். எனக்கும் அதே எண்ணம்தான். நான் ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத ஆதார் நகல்களை அடுக்கிவைத்துப் பக்கத்து பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்தவள். ஒரு நாள் நீ எண்ணெய் ஒற்றிய தாளைப் பிரித்துப் பார்த்து, "அம்மா, இது நம்ம வாத்தியார் மூஞ்சி" என்றாய். அவர் பிறந்த தேதி, வீட்டு விலாசம், பன்னிரண்டு எண்ணும் அதில் இருந்தது. நான் அதை வாங்கிக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த பஜ்ஜியை வேறு தாளில் வைத்துக் கொடுத்தேன். அந்த வேறு தாளில் யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

பாஸ்வேர்டு சங்கதியும் அப்படித்தான். தெருவில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, பெருமாள் பேரும் நம் கதவு எண்ணும். தனித்தனியாக வைத்தால் எனக்கு ஞாபகம் இருக்காதே. தப்பித் தவறி மறந்தால் என்ன செய்வது என்று நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தேன். "உங்கள் படங்களை யாரும் பயன்படுத்த அனுமதி இல்லை என்று இதைப் பகிர்ந்தால் சட்டம் உங்களைக் காப்பாற்றும்" என்று ஒரு செய்தி வந்ததே, அதைத் தெருக் குரூப்பில் முதலில் போட்டவளும் நான்தான். நீ ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. எதற்குச் சிரிக்கிறாய் என்று அப்போது நான் கேட்டிருக்கலாம்.

நீ ஒரகடம் பக்கம் வேலைக்குப் போனதும், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குத் திறந்து கொடுக்கிற வேலை என்று சொன்னதும், நான் தெருவில் என்ன சொல்லிவைத்தேன் தெரியுமா? என் மகன் கம்ப்யூட்டருக்கு டாக்டர். அந்தப் பெருமை பின்னால் எதற்குப் பயன்பட்டது என்று பார். முதல் சம்பளத்தில் எனக்குப் புது போனும் புது சிம்மும் வாங்கிக் கொடுத்தாய். கொடுத்த அன்றே சொன்னாய், "அம்மா, பழைய நம்பர்ல யார் யார் கணக்கு இருக்குதோ மொதல்ல ஒரு லிஸ்ட் எடு. எல்லாத்தையும் அவங்கவங்க நம்பருக்கு மாத்திடு. அதுக்கப்புறமா அந்த சிம்மை விடு. அதுவரைக்கும் ரீசார்ஜ் பண்ணிக்கினே இரு." ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை ஒரு நோட்டில் கோடு போட்டுத் தலைப்பு எழுதிக் கொடுத்தாய். நான் அந்த நோட்டில் பால் கணக்கு எழுதினேன்.

ஏன் செய்யவில்லை என்று எனக்கே நான் பல பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நேரம் இல்லை, கண் தெரியவில்லை, மறந்துவிட்டது. எதுவும் உண்மை இல்லை. அவரவர் நம்பருக்கு மாற்றிவிட்டால் என் கதவை யார் தட்டுவார்கள்? காலையில் ஒருத்தி ரேஷனுக்கு, மத்தியானம் ஒருத்தி பென்ஷனுக்கு, சாயங்காலம் காலேஜ் பிள்ளை ஸ்காலர்ஷிப்புக்கு. ஜெராக்ஸ் கடையை விட்டு நின்ற பிறகு எனக்கு இருந்த ஒரே மரியாதை அது. அதை நானே நோட்டில் எழுதி ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க மனசு வரவில்லை. மாதா மாதம் வருகிற ரேஷனையும் கேஸையும் மட்டும் மாற்றினேன், அதுவும் என்னுடைய புது நம்பருக்கே. மற்றதெல்லாம் பழைய நம்பரில் கிடந்தது. இரண்டு சிம்முக்கு எதற்கு ரீசார்ஜ் என்று அதை நிறுத்தினேன். கொஞ்ச நாள் பழைய போனில் மெசேஜ் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த போனின் பேட்டரி வீங்கிவிட்டது. சிம்மைக் கழற்றி, தொலையாமல் இருக்கட்டும் என்று பூஜை அலமாரியில் குங்குமச் செப்புக்குள் போட்டு மூடினேன்.

நம்பர் அந்தச் சிப்புக்குள்தான் இருக்கிறது என்று நான் நம்பினேன், கண்ணு. சிப் என் செப்பில் இருந்தால் நம்பரும் என்னிடம்தான் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துப் போட்டால் உயிர் வந்துவிடும் என்று. நகையைப் பெட்டியில் வைத்தால் நகை பெட்டியில்தானே இருக்கும். தினமும் விளக்கேற்றும்போது அந்தச் செப்பைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரீசார்ஜ் நின்ற நம்பரைக் கம்பெனிக்காரன் எடுத்து வேறு யாருக்கோ விற்றுவிடுவான் என்று நீ சொல்லியிருப்பாய். என் காதில் ஏறவில்லை.

என் சிநேகிதியின் மகள் பிளஸ் டூ முடித்து அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது பழைய போன் உயிரோடு இருந்தது. நான்தான் நிரப்பினேன், ராசியான நம்பர்தான் போட்டேன், ஓடிபியும் வந்தது. அந்த வருஷம் கவுன்சிலிங் தள்ளித் தள்ளிப் போனது. அந்தப் பெண் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து நிற்பாள். "பெரியம்மா, நானே போய் பாக்கட்டுமா? பாஸ்வேர்டு சொல்றீங்களா?" என்று கேட்டாள். "எதுக்கும்மா அலையுற? வந்தா எனக்குத்தானே மெசேஜ் வரும். வரலன்னா இன்னும் போடலன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினேன். சிம் குங்குமச் செப்பில் இருப்பது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. கடைசியில் அவளே சிநேகிதி ஒருத்தியோடு பிரவுசிங் சென்டருக்குப் போய், என் பாஸ்வேர்டை ஊகித்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சீட் கிடைத்திருந்தது. அவள் கேட்ட கல்லூரியே. சேருகிறேன் என்று உறுதி சொல்ல இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு நாள் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

தாயும் மகளும் நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் அழவில்லை. கையில் அந்தப் பிரின்ட் அவுட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலில் சர்வர் கோளாறு என்றேன். என் சிநேகிதி என்னையே பார்த்தாள். "எல்லாருக்கும் வந்துகிதுக்கா. கூடப் படிச்ச பொண்ணுக்கு வந்துகிது. உன் போனுக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குச் செப்பு ஞாபகம் வந்தது. வாயில் உன் பெயர் வந்தது. "என் பையன்தான் புது போனு குடுத்தப்ப என்னமோ மாத்திவுட்டுட்டான். பழைய நம்பர நிறுத்திட்டான் போல. எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றேன். கம்ப்யூட்டர் டாக்டர் என்று நானே ஊதி வைத்திருந்தேனே, அவர்களும் நம்பிவிட்டார்கள். என் சிநேகிதி மகளின் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் போனதும் செப்பைத் திறந்து, குங்குமத்தைத் துடைத்து, சிம்மை உன் அப்பா போனில் போட்டுப் பார்த்தேன். சர்வீஸ் இல்லை என்றது. என் புது போனிலிருந்து என் பழைய நம்பரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை ஒன்று சிணுங்கிக்கொண்டிருந்தது. "யாரு பேசுதீக?" என்றாள். குரலில் திருநெல்வேலி இருந்தது. இது என் நம்பர் என்றேன். "எக்கா, நீங்கதானா அது? ஒன்றரை மாசமா இந்த நம்பர வாங்கி நான் படுத பாடு. காஞ்சிவரத்து ஆளுக மெசேஜா வந்து குமியுது. யாருக்கு எந்த லேப்ல சுகரு பாத்தாகன்னு தெரியுது, யாரு வீட்டுப் பொண்ணுக்கு வரன் வந்திருக்குன்னு தெரியுது. திருப்பிச் சொல்லலாம்னா யாரு நம்பரும் தெரியாது, பேரு மட்டும்தான் இருக்கு."  பிறகு அவளே, "ஒரு பிள்ளைக்கு காலேஜ்ல சீட்டு கிடைச்சிருக்குன்னு வந்துச்சே, அந்தப் பிள்ளை சேந்துட்டாளாக்கா?" என்று கேட்டாள்.

சேர்ந்துவிட்டாள் என்று அவளிடமும் பொய் சொன்னேன். ஒரே நாளில் மூன்றாவது பொய்.

அதன் பிறகு நான்கு மத்தியானம், உன் அப்பா தறியில் இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காக மாற்றினேன். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும். அதனால் நான் கூப்பிட, அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு எண்ணை வாசிப்பாள். அத்தனை வருஷம் நான் தெருவுக்கு வாசித்ததை இப்போது முகம் தெரியாத ஒருத்தி எனக்கு வாசித்தாள். அவள் நல்லவள். நினைத்திருந்தால் நம் தெருவையே புரட்டிப் போட்டிருக்கலாம். அவள் நல்லவளாக அமைந்தது என் சாமர்த்தியம் இல்லை. இதெல்லாம் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரிடமும் போய், "இனிமே உங்க நம்பருக்கே வரும், கவர்மென்ட்ல மாத்திட்டாங்க" என்றேன். அதுவும் பொய்தான், எண்ணிக்கையை விட்டுவிட்டேன். யாரும் இப்போது என் கதவைத் தட்டுவதில்லை. எனக்கு அதற்காக வருத்தப்படக்கூட உரிமை இல்லை.

அந்தப் பெண் அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தாள். கட்-ஆஃப் மார்க்கு ஏறிவிட்டது, கிடைக்கவில்லை. இப்போது காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு பட்டுக்கடையில் வேலை. ஆன்லைனில் வருகிற ஆர்டரைப் பார்த்து, சேலையை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டு விலாசம் ஒட்டுகிறாள். காலை ஒன்பதே காலுக்கு நம் வாசலைத் தாண்டித்தான் போவாள். நான் அந்த நேரத்தில் வாசலில் நிற்பதில்லை. நீ ஊருக்கு வந்திருந்த கருட சேவை அன்று, கூட்டத்தில் அவளைப் பார்த்து "எப்டிம்மா இருக்க, காலேஜ் எப்டி போவுது?" என்று கேட்டாயே, அவள் பதில் சொல்லாமல் போனாளே. "இந்தப் பொண்ணுக்கு இன்னா திமிரு" என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். நான் உனக்கு மோர் கலக்கிக் கொடுத்தேன்.

நீ பத்திரிகை வைத்துவிட்டு ஒரகடம் திரும்பிய மறுநாள் மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் சிநேகிதி கூடத்தில் உட்கார்ந்து பாவு நூல் இணைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அன்று விடுமுறை, சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ லிஸ்ட் போடச் சொன்னது, நான் பால் கணக்கு எழுதியது, செப்பு, அந்தத் திருநெல்வேலிப் பெண், உன் பெயரைச் சொன்னது, எல்லாம். அவள் விரல் நிற்கவே இல்லை. சாம்பல் தொடும், முறுக்கும், அடுத்த நூல். நான் முடித்தபிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இத ஏன்கா இப்ப வந்து சொல்ற? கல்யாணத்துக்கு நாங்க வரணும்னா?"

"அதுக்கில்லமா."

"பின்ன எதுக்கு? ஒன்றரை வருஷம் அந்தப் புள்ளைய நான் மனசுக்குள்ள எவ்ளோ ஏசிக்கிறேன் தெரியுமா? அந்தப் பாவத்த யார் தலையில வெக்கறது?" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, "வரோமா இல்லியான்னு இப்ப கேக்காத. எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபடி நூலைப் பிடித்தாள்.

தெருவுக்கே இதைச் சொல்லப்போகிறேன், குரூப்பில் எழுதிப் போடப்போகிறேன், என் மகன் செய்யவில்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் போனைக் கீழே வைத்தாள். "போடுங்க பெரியம்மா. ஆனா என் பேரு போடாதீங்க. அம்மா பேரும் வேணாம். நான் இன்னா கோர்ஸுக்கு போட்டேன்றதும் வேணாம். நம்ம குரூப்புல போட்டா நம்ம தெருவோட நிக்காது. நாளைக்கு நான் வேற எங்கனா வேலைக்குப் போவேன், அங்க வந்து எவனாவது சீட்டு போன பொண்ணுதானே நீன்னு கேக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். அவள் போனை மறுபடி எடுத்துக்கொண்டே, "என்னப் பத்தி ஒண்ணு செய்றதுக்கு முன்னாடி இப்பதான் நான் சொல்றத காதுல வாங்கறீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 

அவள் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை பேருடைய நம்பர், பிறந்த தேதி, படம், வியாதி, சம்பளம் என் கை வழியாகப் போயிருக்கிறது. எல்லாம் நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனால் ஒருத்தரையும் கேட்டுச் செய்ததில்லை. கேட்பது அந்நியர் பழக்கம், நம்மவர்களுக்குள் எதற்கு என்று நினைத்தேன். நீ இனி ஒருத்தியோடு குடித்தனம் நடத்தப் போகிறாய். அவள் போன் சமையல் மேடையில் கிடக்கும், அடிக்கும், நீ எடுப்பாய். கேட்டுவிட்டு எடு. உன் போனை அவள் எடுத்தால் அவளும் கேட்டே எடுக்கட்டும், அதில் சந்தேகத்துக்கு இடம் வைக்காதே. மறைக்க ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் உன் அம்மாவை நினைத்துக்கொள், அதை ஊர்பூராவும் சொன்னவள் நான். இன்னொன்று, உன் நிச்சயதார்த்தப் படத்தை மூன்று குரூப்பில் போட்டுவிட்டேன். மருமகளைக் கேட்கவில்லை. இரண்டில் அழித்துவிட்டேன், ஒன்றில் அழிக்க நேரம் கடந்துவிட்டது என்கிறது. அவளிடம் நீயே சொல்லிவிடு, அல்லது நானே சொல்கிறேன். எது உனக்குச் சரியோ அது.

எனக்கு அலுத்துவிட்டது, கண்ணு. போன் அலுக்கவில்லை, என் சாமர்த்தியம்தான் அலுத்துவிட்டது. எல்லாம் தெரிந்தவள் போல நடந்து, தெரியாததை மறைக்க ஒன்று சொல்லி, அதை மறைக்க இன்னொன்று சொல்லி, கடைசியில் பெற்ற பிள்ளையை அடகு வைத்தேன். நீ என்னை மன்னிப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ சீக்கிரம் மன்னித்துவிடுவாய் என்பதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு உன்னைக் கேட்காமல் உன் பெயரை அவர்களிடம் கொடுத்தேன். இன்றைக்கு உன்னைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே தெருக் குரூப்பில் போடலாமா? போட்டபிறகு என்னால் திரும்ப எடுக்க முடியாது. அது யார் யாரிடம் போகும், எந்த ஊரில் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதாவது இப்போது எனக்குத் தெரிகிறது. உன் வேலை இடத்திலும் யாராவது படிக்கலாம். உன் மாமனார் வீட்டிலும் படிக்கலாம். பொய்க்காரி மகன் என்று உனக்கு ஒரு பெயர் வரலாம். யோசித்துச் சொல். நீ சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன். வேண்டாம் என்றால் வீடு வீடாகப் போய் வாயால் சொல்கிறேன், பதினேழு வீடுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா

இதற்கு மேலே உள்ளதை எழுதி மகனுக்கு மட்டும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பார்த்துவிட்டான் என்று நீல டிக் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. அவனைக் கேட்டுவிட்டு, அவன் எழுதியதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் இங்கே சேர்க்கிறேன்:

"போடும்மா. ஆனா நான் உன் மேல கோவமாத்தான் இருக்கேன். இந்தவாட்டி சரி விடுன்னு சொல்ல மாட்டேன். அதையும் சேத்துப் போடு."